வெளி இரும்புக்கு அனுமதி இல்லை

வெண்பஞ்சு நிட்வேர் பனியன் கம்பெனியில் டீயை நிறுத்திய மாதத்தில் தொழிலாளி யாரும் சாகவில்லை. கம்பெனியின் நலவாழ்வு அறிக்கையில் இதைத்தான் முதல் சாதனையாகப் போட்டிருந்தார்கள்.

மயிலாள் அங்கே ஓவர்லாக் டெய்லர். ஓவர்லாக் மிஷினில் ஊசிக்கு ஒட்டினாற்போல் ஒரு சிறு கத்தி ஓடிக்கொண்டே இருக்கும். துணியின் ஓரத்தை வெட்டித் தள்ளுவது அதன் வேலை. தைக்கிறவளுக்குக் கண் இருட்டினால் துணி எது, விரல் எது என்று அது நின்று விசாரிக்காது. சில மாதங்களாக மயிலாளுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆசுபத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "பன்னெண்டு இருக்க வேண்டிய எடத்துல ஏழரை இருக்குது. மாத்திரை தர்றேன், ஆனா அது மட்டும் பத்தாது. வாரம் ஒரு மத்தியானம்னு நாலு தடவை வந்து இரும்புச்சத்து டிரிப் ஏத்திக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார்.

ஆக, மயிலாளுக்கு இந்த உலகத்தில் தேவைப்பட்டது நாலு மத்தியானம். அதற்கு நாலு கேட் பாஸ்.

கேட் பாஸ் கொடுக்கிறவர் மகுடேஸ்வரன், காம்ப்ளையன்ஸ் மேனேஜர். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் போடும் சட்டதிட்டங்களையெல்லாம் கம்பெனி மதித்து நடக்கிறது என்று காட்டுவது அவர் வேலை. மிகவும் மரியாதையான மனிதர். ஒருவரை வேலையைவிட்டு அனுப்பினால்கூட 'ங்க' போட்டுத்தான் அனுப்புவார்.

"ஏனுங்க சார், நாலே நாலு மத்தியானம் பாஸ் வேணுங்க. ரத்தம் கம்மியா இருக்குதுன்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க."

"உக்காருங்க மயிலாக்கா. உங்களுக்கு மட்டும் இல்லீங்க. போன மாசம் பையர் கேம்ப் வெச்சுப் பாத்தாரில்லீங்க? நம்ம பொம்பளையாளுங்கள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தம் கம்மி. கமெண்ட் அனுப்பிட்டாரு. இனிமே ரத்தம்கறது உங்க சொந்த விசயம் இல்லீங்க. கம்பெனி பொறுப்பு எடுத்துக்கிச்சு."

"அப்பப் பாஸ் குடுத்துருவீங்களாங்க?"

"பாஸ் எதுக்குங்க? வைத்தியத்தையே உள்ளாறக் கொண்டு வாரோமுங்க."

மயிலாள் ஒரு டாக்டர் வருவார் என்று நினைத்துக்கொண்டு மிஷினுக்குத் திரும்பினாள். வந்தது டீத்தூள் மூட்டை.

மூட்டையோடு கோயமுத்தூரிலிருந்து சித்ரகலா என்கிற நலவாழ்வு ஆலோசகரும் வந்தார். ஃபினிஷிங் ஹாலில் எல்லோரையும் தரையில் உட்காரவைத்து மைக்கைப் பிடித்தார்.

"இதுக்குப் பேரு ரூயிபோஸ். டீன்னு சொல்றோம், ஆனா டீச் செடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தென்னாப்பிரிக்காவில ஒரு மலைப்பகுதியில வளர்ற புதர். ஊசி மாதிரி இலை. அதை நறுக்கி, நசுக்கி, குமிச்சு வெச்சா காத்துப் பட்டுச் செவந்துரும். இதுல காஃபின் கெடையாது. டானினும் கம்மி. நீங்க சோத்தோட குடிக்கிற டீயில இருக்கற டானின், கீரை, பருப்புல இருக்கற இரும்பைப் புடிச்சு வெச்சுக்கும். ஒடம்புல சேர விடாது. இந்தச் செவப்பு டீ அந்த அளவுக்குத் தடுக்காது."

செக்கிங் செக்சன் மருதாள் கையைத் தூக்கினாள். அவளுக்கு வாயை அடக்கத் தெரியாது. அதனாலேயே அவளை இன்னும் சூப்பர்வைசர் ஆக்கவில்லை.

"ஏனுங்க மேடம், அப்ப இந்த டீக்குள்ள இரும்பு இருக்குதுங்களா?"

"இல்ல. ஏறக்குறைய இல்லைன்னே சொல்லலாம். ஆனா தடுக்காது."

"சந்தைக்குப் போற வழியில நாய் இல்லைங்கறீங்க. சரிங்க. பையில காசு இருக்கோணுமில்லீங்க?"

ஹாலே சிரித்தது. 'தொழிலாளர்கள் மகிழ்ச்சியுடன் பங்கேற்றனர்' என்று மகுடேஸ்வரன் குறித்துக்கொண்டார்.

சித்ரகலா நேர்மையான பெண். தெரிந்ததை மறைக்க மாட்டார். "இதுல ஆஸ்பலத்தின்னு ஒரு பொருள் இருக்கு. வேற எந்தச் செடியிலயும் இதக் கண்டதா யாரும் சொல்லல. சர்க்கரையக் கொறைக்குது, ஈரலைக் காப்பாத்துதுன்னு ஆராய்ச்சி சொல்லுது."

"யாருக்குங்க?" என்றாள் மருதாள்.

"பெரும்பாலும் எலிக்கு. அப்பறம் கண்ணாடிக் குழாயில வளர்த்த செல்லுக்கு. மனுசங்க மேல செஞ்சது கொஞ்சந்தான். ஆனா எலிங்க நல்ல ரிசல்ட் குடுத்துருக்கு."

மகுடேஸ்வரன் எழுந்து மைக்கை வாங்கினார். "எலிங்க அதுகளுக்கு சம்பளம், போனஸ் எதுவும் இல்லாமயே இந்த அளவுக்கு ஒத்துழைச்சிருக்குதுங்க. நம்மகிட்ட நிர்வாகம் எவ்வளவு எதிர்பாக்கும்னு நாம ஒவ்வொருத்தரும் யோசிக்கோணுமுங்க." எல்லோரும் கை தட்டினார்கள். அவரே கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினால் தட்ட வேண்டும் என்று அர்த்தம்.

அடுத்ததாக டீக்குப் பையரிடம் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. வாயில் போடுகிற ஒன்றுக்கு வெண்பஞ்சு நிட்வேர் இதுவரை ஒப்புதல் வாங்கியதில்லை. ஒப்புதல் வாங்க அவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பையர் ஒரு நிறம் கேட்டால் சிறு துணித்துண்டைச் சாயத்தில் தோய்த்துக் காயவைத்து கூரியரில் அனுப்புவார்கள். அதற்கு லேப் டிப் என்று பெயர். பையர் பார்த்து, சரி, சரியில்லை, இன்னும் கொஞ்சம் சிவப்பு என்று எழுதி அனுப்புவார்.

சாயப் பிரிவு லேப் மாஸ்டர் தண்டாயுதபாணி வெள்ளைப் பனியன் துணியைச் சிவப்பு டீயில் தோய்த்து, இஸ்திரி போட்டு, மூன்று ஷேடுகளாக அட்டையில் ஒட்டி அனுப்பினார். ஒரு டம்ளர் டீயை அனுப்பலாமே என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பையர் ஆபீசில் துணி பார்க்கிற பிரிவுக்கே அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மூன்றாவது ஷேடு ஓகே, பல்க், அதாவது மொத்தச் சரக்கும், இதே நிறத்தில் வர வேண்டும், வித்தியாசம் இருந்தால் ஏற்க மாட்டோம் என்று பதில் வந்தது.

சித்ரகலாவுக்கு இது தெரிந்தபோது ஓடிவந்தார். "சார், காத்துல செவக்க விடாமப் பச்சையாவே காயவெச்ச இலையிலதான் ஆஸ்பலத்தின் அதிகம். செவக்கச் செவக்க அது கொறஞ்சுக்கிட்டே போகும். பச்சை இலையை வாங்கலாம்."

தண்டாயுதபாணி பச்சை இலையையும் போட்டுப் பார்த்தார். துணி வெளிறிய மஞ்சளாக வந்தது. "ஷேடு அவுட்டுங்க மேடம்."

"ஒடம்புக்கு அதுதாங்க நல்லது."

"நல்லதுங்கறது வேறங்க, அப்ரூவ் ஆனதுங்கறது வேறங்க."

கேண்டீனில் டீ போடுகிற ராக்கையா முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். இஞ்சியைத் தட்டிப் போட்டு ஒரு டீ போடுவார். அதற்காகவே கம்பெனி மாறாமல் இருந்தவர்கள் உண்டு. பெரிய பாய்லரில் மூன்றாவது ஷேடை வரவழைக்க அவர் விடிவதற்கு முன்பே இலையைப் போட்டு, பத்து மணி வரைக்கும் கொதிக்கவிட்டார். அவ்வளவு நேரம் கொதித்தால் இருக்கிற கொஞ்சநஞ்ச ஆஸ்பலத்தினும் சிதைந்துபோகும் என்று சித்ரகலா ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதற்கு மகுடேஸ்வரன், 'தங்கள் மேலான ஒத்துழைப்புக்கு நன்றி' என்று பதில் போட்டார்.

அப்படியும் நிறம் ஏறவில்லை. தண்டாயுதபாணி பாய்லருக்குள் ஒரு வெள்ளைத் துணித்துண்டை விட்டு எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உப்புப் போட்டீங்களாண்ணே?"

"டீயிலயா?" என்றார் ராக்கையா.

"சாயம் துணியில ஏறோணும்னா உப்பு வேணுமில்லீங்க?"

"குடிச்சாக் கொமட்டுமேப்பா."

"குடிக்கறதப் பத்தி என்கிட்டக் கேக்காதீங்கண்ணே. என்ற டிபார்ட்மெண்ட் ஷேடு."

உப்புப் போட்டார்கள். ஷேடு வந்தது. மயிலாள் முதல் டம்ளரை வாயில் வைத்துவிட்டு ராக்கையாவைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "என்னைய ஏசாத தாயி" என்றார். தினமும் ஆறு டம்ளர் குடிக்க வேண்டும். சாதாரண டீக்குக் கட்டடத்துக்குள் இடமில்லை.

முதல் வாரத்தில் எல்லோருக்கும் தலைவலி. வருசக்கணக்காகக் குடித்த டீயைத் திடீரென்று விட்டால் அப்படித்தான் இருக்கும், உடம்பிலிருந்து காஃபின் வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

"அதுக்காச்சும் கேட் பாஸ் இல்லாம வெளிய போக முடியுதே" என்றாள் மருதாள்.

இரண்டாவது வாரத்தில் தலைவலி போய்த் தூக்கம் வந்தது. மூன்று மணிக்கு மேல் வரிசை வரிசையாகத் தலைகள் மிஷின்மேல் சாய்ந்தன. மகுடேஸ்வரன் அதைப் படம் எடுத்து, 'மன அமைதி கூடியுள்ளது' என்று எழுதிப் பையருக்கு அனுப்பினார். மயிலாள் தூங்கவில்லை. அவளுக்குக் கண் இருட்டியது. படத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரிந்தது.

இதற்கிடையில் பையரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. பெண்களுக்கு ரத்தம் கூடினால் அது டீயால்தான் கூடியது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நியாயமான கேள்வி. மகுடேஸ்வரன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கேட்டில் ஒரு போர்டு தொங்கியது: 'வெளி இரும்புக்கு அனுமதி இல்லை.'

அதாவது, டீ தவிர வேறு எந்த வழியிலும் ரத்தம் ஏறக் கூடாது. மாத்திரை வைத்திருந்தவர்களிடம் செக்யூரிட்டி அதை வாங்கிக்கொண்டார். மயிலாளின் மாத்திரை அட்டையும் போயிற்று. டீயோடு கொடுத்துக்கொண்டிருந்த பன்னை நிறுத்தினார்கள். பன் சுடுகிற மாவில் இரும்புச்சத்துச் சேர்த்திருப்பதாக அந்த மாவுப் பாக்கெட்டிலேயே எழுதியிருந்தது. பிறகு டிபன் பாக்சைத் திறந்து பார்த்தார்கள். முருங்கைக்கீரை, கொள்ளு, பேரீச்சம்பழம் எல்லாம் கேட்டோடு நின்றன.

"இரும்புச் சட்டியில வணக்குனதா, அலுமினியத்துலயா?" என்று செக்யூரிட்டி மருதாளின் கத்தரிக்காய்ப் பொரியலைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கூட்டுக்காரனயே இரும்புச் சட்டியிலதான் வணக்கறேன். வேணும்னா அவனையும் புடிச்சு வெச்சுக்கங்க" என்றாள் அவள்.

கண்ணால் பார்ப்பது போதாது என்று பையர் அனுப்பிய ஆடிட் ஆட்கள் சொன்னார்கள். தைத்த துணிக்குள் உடைந்த ஊசி ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கக் கம்பெனியில் ஒரு மெஷின் உண்டு. துணி அதற்குள் போய் வெளியே வரும். இரும்பு இருந்தால் கத்தும். அந்த மெஷினைக் கேட்டுக்குக் கொண்டுவந்து டிபன் பாக்சுகளை அதில் விட்டார்கள். எவர்சில்வர் பாக்சுகள் ஒன்றுக்கொன்று போட்டியாகக் கத்தின. கத்தாதது ஒரு பீகார்ப் பையனின் பிளாஸ்டிக் டப்பா மட்டும்தான். மறுநாளிலிருந்து எல்லோரும் வாழை இலையில் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

மூன்று மாதம் கழித்துப் பையரின் பிரதிநிதியாக ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தார். நல்லவர். பார்த்ததற்கெல்லாம் கண் கலங்கினார். அவர் முன்னால் ரத்தம் பார்த்துக் காட்ட மயிலாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், முதலில் மிகக் குறைவாக இருந்தவள் என்பதால். அவர் மதியச் சாப்பாட்டில் இருந்த நேரத்தில் ஒத்திகைக்காகக் கம்பெனி நர்ஸ் மயிலாளின் விரலில் குத்திப் பார்த்தார்.

ஏழுக்குக் கீழே இருந்தது.

மகுடேஸ்வரன் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார். "என்னங்க மயிலாக்கா, இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க சார். ஆறு டம்ளரும் குடிச்சனுங்க."

பக்கத்தில் நின்றிருந்த தண்டாயுதபாணி தொண்டையைச் செருமினார். "சார், நெம்பராக் கேட்டா நெம்பர்தான் வரும். ஷேடாக் கேளுங்க."

சாய லேபில் ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே பல விளக்குகள். ஒன்று பகல் வெளிச்சம் மாதிரி எரியும், ஒன்று வெளிநாட்டுக் கடைகளின் வெளிச்சம் மாதிரி எரியும். எந்தத் துணியையும் அதற்குள் வைத்து, ஒப்புதலான துணியோடு சேர்த்துப் பார்த்துத்தான் நிறம் சரியா என்று முடிவு செய்வார்கள். வெள்ளைக்காரப் பெண்ணை அங்கே அழைத்துப்போனார்கள். அவருக்குப் பழக்கமான பெட்டி. முகம் மலர்ந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் ஒன்று வேண்டியிருந்தது. செக்யூரிட்டி பட்டாளத்தில் இருந்தவர், தினமும் ராகிக் களி தின்கிறவர். அவரைக் கூப்பிட்டு ஒரு சொட்டு வாங்கி வெள்ளைப் பனியன் துணியில் வைத்தார்கள். பக்கத்திலேயே மயிலாளின் சொட்டு.

"சீக்கிரம் பாருங்க சார், ரத்தம் காஞ்சாப் பழுப்பாயிரும்" என்றார் தண்டாயுதபாணி.

அவரே முதலில் பகல் வெளிச்சத்தில் வைத்தார். மயிலாளின் சொட்டு வெளுத்துத் தெரிந்தது. அவர் பதறவில்லை. சுவிட்சை மாற்றினார். கடை வெளிச்சத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன.

"பையர் துணிய எங்கீங்க விக்கறாரு? கடைக்குள்ள. வெயில்லயா விக்கறாரு?" என்றார்.

வெள்ளைக்காரப் பெண் வழக்கம்போல் துணித்துண்டின் ஓரத்தில் 'ஏற்கத்தக்கது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மயிலாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மயிலாள் பஞ்சை விரலில் அழுத்திப் பிடித்தபடி மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, என்ற ரத்தம் தேறிப்போச்சுங்களா?"

"கடை வெளிச்சத்துல தேறிப்போச்சுங்கக்கா" என்றார் தண்டாயுதபாணி.

அன்று சாயங்காலமே அவள் மகுடேஸ்வரனிடம் போய் நின்றாள். ஆடிட் முடிந்துவிட்டதே, இனியாவது அந்த நாலு மத்தியானத்தைக் கொடுப்பார் என்று நினைத்தாள்.

"மயிலாக்கா, நல்லாருக்கறவங்களுக்கு ஆசுபத்திரி எதுக்குங்க?" என்றார் அவர் கனிவோடு. "நீங்க அங்க போனா அவங்க சும்மா இருப்பாங்களா? குத்திப் பாத்து ஒரு நெம்பரச் சொல்லுவாங்க. ஒரு ஒடம்புக்கு ரெண்டு ரிசல்ட் இருந்தா அத நான் எந்த ஃபைல்லங்க வெக்கறது?"

அடுத்த வாரம் அவள் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதே கண் இருட்டிற்று. கத்தி இடது கை ஆட்காட்டி விரலின் நகத்தைச் சீவிக்கொண்டு போனது. சதையில் படவில்லை. சோமனூரில் தறி ஓட்டுகிற புருசனிடம் போனில் சொன்னபோது, "வேலைய விட்டுப்போட்டு வா" என்றான் அவன். தறியும் வாரத்தில் பாதி நாள் ஓடவில்லை என்பதை இரண்டு பேரும் பேசவில்லை.

மருதாள்தான் வழி சொன்னாள். "ஒடம்புக்குத்தானடி பாஸ் இல்ல. சாவுக்கு உடனே குடுக்கறாங்களே."

உண்மைதான். துக்கத்துக்குப் போவதைத் தடுக்கக் கூடாது என்று பையரின் சட்டம் இருந்தது. உயிரோடிருக்கிறவர்களைப் பற்றி அதில் அவ்வளவு தெளிவாக ஒன்றுமில்லை.

மயிலாள் முதலில் குண்டடத்துச் சித்தப்பாவைக் கொன்றாள்.

"அவரு செத்து வருசமாச்சேடி" என்றாள் மருதாள்.

"அதனாலதானக்கா தைரியமாச் சொன்னேன். உசுரோட இருக்கறவங்களச் சொல்லி, ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?"

மகுடேஸ்வரன் பாசில் கையெழுத்திட்டுக் கொடுத்து, எழுந்து நின்று கை கூப்பினார். மயிலாள் பஸ் பிடித்து ஆசுபத்திரிக்குப் போனாள். நர்ஸ் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா இப்படி வெள்ளைவெளேர்னு கெடக்குது? இத்தன மாசமா எங்க போயிருந்த?" என்றார்.

"சிஸ்டர், எந்த லைட்டுலங்க பாக்கறீங்க?" என்று மயிலாள் கேட்டாள். கிண்டல் இல்லை. அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நர்ஸ் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, படுக்கச் சொல்லி டிரிப்பைப் போட்டார். காப்பி நிறத்தில் அது சொட்டுச் சொட்டாக இறங்கியது. மயிலாள் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு பெரியப்பா, அதற்கடுத்த வாரம் பல்லடத்து அத்தை. மூன்றாவது சாவுக்கு மகுடேஸ்வரன் கவலையோடு கேட்டார்: "எப்படிங்க ஆச்சு?"

"மயக்கம் வந்து விழுந்துட்டாங்க சார்."

"உங்க குடும்பத்துக்கே ரத்தம் பத்தாதுங்க போல" என்று சொல்லி, மிச்சம் இருப்பவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கிலோ சிவப்பு டீயைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மயிலாள் துக்கத்துக்குப் போகிற முகத்தோடு அதை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அந்த முகம் வைக்கக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை.

நாலாவதுக்கு ஆள் தீர்ந்துபோயிற்று. "என்ற மாமியாள எடுத்துக்கடி" என்றாள் மருதாள். "இருந்த காலத்துலதான் ஒருத்தருக்கும் ஒதவல. போயாச்சும் ஒதவட்டும்."

இரண்டு மாதத்தில் மயிலாளுக்குக் கண் இருட்டுவது நின்றது. படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. ஒரு நாள் மிஷினில் உட்கார்ந்துகொண்டு பாட்டு முணுமுணுத்தாள். அதை மகுடேஸ்வரன் கேட்டுவிட்டார்.

உடனே நர்சைக் கூப்பிட்டுக் குத்திப் பார்க்கச் சொன்னார். பத்தரை. நம்பாமல் இன்னொரு விரலில் பார்க்கச் சொன்னார். பத்தரை. மகுடேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் முட்டியது.

"மயிலாக்கா, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க. உள்ளுக்குள்ள நானே நம்பலீங்க. வெறும் செவப்புத் தண்ணின்னுதான் நெனச்சனுங்க. கடவுளாப் பாத்து என்ற கண்ணத் தொறந்துட்டாருங்க."

செய்தி கேட்டுச் சித்ரகலா வந்தார். மயிலாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேற ஏதாவது எடுத்துக்கிட்டீங்களாக்கா? மறைக்காமச் சொல்லுங்க" என்றார்.

மயிலாள் வாயைத் திறப்பதற்குள் மகுடேஸ்வரன் சொன்னார்: "வாய்ப்பே இல்லீங்க மேடம். கேட்டுல மெஷின் இருக்குது."

குண்டடம் பக்கத்தில் கம்பெனிக்கு இரண்டாவது யூனிட் உண்டு. சுற்றுவட்டாரத்துக் காடுகழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள்தான் அங்கே தைக்கிறார்கள். அங்கேயும் சிவப்பு டீ, அங்கேயும் போர்டு, ஆசுபத்திரிப் பாசெல்லாம் அன்றோடு ரத்து என்று முடிவாயிற்று. தொடக்க விழாவில் மயிலாள் பேச வேண்டும்.

விழாவுக்கு முதல் நாள் காலையில் மகுடேஸ்வரன் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ஆசுபத்திரிக்குப் போனதை, டிரிப்பை, சித்தப்பாவை, பெரியப்பாவை, அத்தையை. மருதாளின் மாமியாரை மட்டும் மருதாளுக்காக விட்டுவிட்டாள்.

மகுடேஸ்வரன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இங்க பாருங்க மயிலாக்கா. நீங்க சொல்றது நெசம்னா, பொய் சொல்லி லீவு எடுத்தீங்கன்னு உங்கள நான் வெளிய அனுப்போணும். உங்களுக்குக் கையெழுத்துப் போட்ட என்னையும் அனுப்புவாங்க. பையர் ஆர்டரை நிறுத்திருவாரு. எத்தன குடும்பமுங்க? அடுத்தடுத்து இத்தன துக்கம் வந்தா யாருக்கும் மனசு கொழம்பத்தாங்க செய்யும். செத்தவங்க செத்தவங்களாவே இருக்கட்டுங்க."

"அங்க இருக்கற பொம்பளைங்க பாவமில்லீங்களா சார்?"

"அவங்களுக்காகத்தானுங்க இத்தனையும்" என்றார் அவர். அவர் அதை நம்பித்தான் சொன்னார். மயிலாளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

இரண்டாவது யூனிட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். மேடைக்குக் கீழே பூச்சுற்றிய ஒரு மரப்பெட்டி. மாத்திரை வைத்திருப்பவர்கள் தாங்களாகவே மனமுவந்து அதில் போட வேண்டும் என்று ஏற்பாடு. மயிலாளுக்கு மாலை போட்டார்கள். அவள் கன்னத்தைப் பாருங்கள் என்று மகுடேஸ்வரன் மைக்கில் சொன்னார். எல்லோரும் பார்த்தார்கள். கன்னம் நன்றாகத்தான் இருந்தது.

"சந்தேகம் இருந்தாக் கேளுங்க கண்ணு" என்று அவர் கூட்டத்தைப் பார்த்தார்.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இருபது வயது இருக்கும். பெயர் பூங்குழலி என்று சொன்னாள். எழுந்த வேகத்தில் தடுமாறி, பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது. பகல் வெளிச்சம்தான், பந்தலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, எனக்கும் மத்தியானமானாக் கண்ணு இருட்டிக்கிட்டு வருதுங்க. ஆசுபத்திரில மாத்திரை குடுத்துருக்காங்க. நெசமாலுமே மாத்திரை இல்லாம, இந்த டீயக் குடிச்சேதான் சரியாச்சுங்களா?"

மைக்கை மயிலாளிடம் கொடுத்தார்கள். அது கனமாக இருந்தது. அவள் பூங்குழலியைப் பார்த்தாள். பக்கத்தில் மகுடேஸ்வரன் புன்னகையோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் முதலாளி, அவருக்கு அந்தப் பக்கம் காமிரா.

"கண்ணு..." என்றாள் மயிலாள். "நான் வந்து..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. மகுடேஸ்வரன் கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் உயரத் தூக்கினார்.

பந்தல் முழுக்கக் கை தட்டியது. பூங்குழலி சிரித்தபடி மடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு பெட்டியை நோக்கி நடந்தாள். "குடுக்காத கண்ணு, குடுக்காத" என்று மயிலாள் சொன்னாள். அதற்குள் மைக்கை அவள் கையிலிருந்து வாங்கிவிட்டிருந்தார்கள். பூங்குழலிக்குப் பின்னால் மாத்திரை அட்டைகளோடு வரிசை நின்றது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடங்கியபோது பெட்டியைப் பூட்டி, சாவியை முதலாளி கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.